மரங்களுக்கிடையே போகும் பலகை

பலேர்மோ,
11.01.1998

அன்பு மகன் விதுரனுக்கு,

நான் சுகம். உன் சுகத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "எதைக் கேட்டாலும் யோசிப்பம் எண்டுறியள். எந்த ஸ்கீ எண்டு கேட்டதுக்கும் அதைத்தான் சொல்லுவியள் எண்டால், இனி உங்களிட்டை ஒண்டும் கேக்கமாட்டன்" என்று எழுதியிருக்கிறாய். ஆகவே இம்முறை முடிவோடு எழுதுகிறேன். குழம்பாமலிருக்க, முதலில் ஒழுங்கு:

1. இரண்டு சோடிகள்
2. பனி
3. மரங்கள்
4. உன் உயரம்
5. முடிவு

முதலாவது. நான் வேலைக்குப் போகும் வீட்டுச் சிஞ்ஞோராவின் காலஞ்சென்ற கணவர் பனியில் சறுக்கிய ஸ்கீப் பலகைகள் இவை. ஒரு சோடி ஒடுக்கம். நிமிர்த்தினால் உயர்த்திய என் கையைத் தொடும். மற்றது அகலம், என் உச்சந்தலையளவே நிற்கும். "ஒன்றை உன் மகனுக்கு எடு, மற்றது என் தம்பி மகனுக்கு" என்றா.

இரண்டாவது. நீ போகப்போவது குறித்த பாதையில் அல்ல, மரங்களுக்கிடையே மாப்போல விழுந்த புதுப் பனியில் என்கிறாய். நான் பனியில் கால் வைத்ததில்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படம் வரைந்தவன், சேறுதான் தெரியும். சேற்றில் அகலப் பலகை தாழாது. சிஞ்ஞோராவோ, நீளமானதுதான் தாழாது என்று தன் கணவர் சொல்வார் என்கிறா. பரப்பளவைக் கணக்கிட்டேன். அகலமானதற்குச் சற்றுக் கூட வந்தது. பிறகு கணக்கிலேயே ஐமிச்சம் வந்துவிட்டது.

மூன்றாவது. நெருக்கமான மரங்களுக்கு இங்கே எங்கு போவது? போர்கோ வெக்கியோ சந்தைக்குப் போனேன். நீளச் சோடியைத் தோளில் வைத்து மீன்கடைகளுக்கிடையே நடந்தேன். முதல் திருப்பத்திலேயே ஒரு கடையில் வெயிலுக்குக் கட்டிய படங்கு கழன்றது. மீன்காரர் சொன்னதை எழுதமாட்டேன். அவரிடம் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பெடியன் யோசேப், "ஐயா, இஞ்சை வெயிலடிக்குது. உங்களுக்குப் பனி எந்தப் பக்கத்தாலை வருது?" என்று கேட்டான். அகலச் சோடியோடு நான் மறுபடி போனபோது, "ஐயோ, திரும்ப வாறார்!" என்று படங்கைப் பிடித்துக்கொண்டான். இம்முறை ஒன்றிலும் முட்டவில்லை. ஆனால் தோளில் கொண்டுபோவதும் காலில் பூட்டிப்போவதும் ஒன்றல்ல என்பது வீடு வந்த பிறகுதான் தோன்றியது.

நாலாவது. ஊரிலிருந்து நீ புறப்பட்டபோது பதினைந்து வயது, என் தோளளவு. பிறகு நீ அனுப்பிய படங்களெல்லாம் மார்பளவுப் படங்கள். வளர்ந்திருப்பாய் என்று நாலு விரல் கூட்டினேன். பலகை தலையை ஒட்டி நின்றால் போதும் என்றார் வியா மக்வேதா வீதியில் ஒரு கடைக்காரர். அப்படிப் பார்த்தால் அகலச் சோடியே உனக்கு நீளம்தான். மற்றதை நினைக்கவே வேண்டாம்.

ஐந்தாவது. அகலமானது. நேற்று ஜெனோவாக் கப்பலில் ஏறி உங்கள் சுவிஸுக்குப் புறப்பட்ட ஜோக்கிமிடம் கொடுத்தேன். அவன் உன்னிடம் சேர்ப்பான். திருப்பி வாங்குவோமா என்று துறைமுகத்தில் ஒரு யோசனை வந்தது. வாங்கவில்லை. கூடவே ஒரு சுவெற்றர் இருக்கிறது. மரங்களுக்குள் தனியே போகாதே.

அன்புடன்,
அப்பா கோபாலசிங்கம்


அறோசா,
02.02.1998

அன்புள்ள அப்பா,

பலகை வந்தது. முடிவொன்று வந்ததை நம்ப முடியாமல் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். சந்தைக் கதையை ஹோட்டல் குசினியில் சொன்னேன். சட்டி கழுவுகிறவர்கள்கூட வேலையை விட்டுச் சிரித்தார்கள்.

நேற்று என்னோடு வேலை செய்யும் ஸ்ரீபனும் நானும் மரங்களுக்குள் போனோம். பலகை தாழவில்லை. நினைத்த இடத்தில் டக்கெண்டு திரும்பியது. ஒரு மரத்தில் மட்டும் முட்டினேன், மரத்துக்கு ஒன்றுமில்லை.

ஆனால் அப்பா, பலகை என் மூக்களவுதான் நிற்கிறது. "உன்ரை அப்பா உன்னை இன்னும் பள்ளிக்கூடத்துக்கோ அனுப்புறார்?" என்று ஸ்ரீபன் கேட்டான். இன்னும் ஒரு சாண் நீளமிருந்தால் திறமாம். சுவெற்றர் கை முழங்கையோடு நின்றுவிட்டது. கழுத்தில் சுற்றிக்கொண்டு போனேன். நல்ல சூடு.

இன்னொன்று. எனக்கு இங்கே வதிவிட அனுமதி கிடைத்துவிட்டது. இனி வெளிநாடு போய்வரலாம். ஏப்ரலில் பனி கரைய ஹோட்டலைப் பூட்டுவார்கள். நான் அங்கை வரட்டோ? இதுக்கும் யோசிப்பம் எண்டு எழுதாதையுங்கோ.

விதுரன்


பலேர்மோ,
15.02.1998

அன்பு மகன்,

வா.

இந்த ஒரு சொல்லோடு கடிதத்தை ஒட்டத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு திருத்தம் இருக்கிறது.

நீளமா அகலமா, சிஞ்ஞோரா சரியா என் சேறு சரியா, இன்னும் எனக்கு விளங்கவில்லை. பிழையான கணக்கில் சரியான பலகை எப்படி வந்தது என்பதும் தெரியவில்லை. யோசேப்பிடம் கேட்டேன். "ஐயா, வந்ததை வைச்சிருங்கோ, திரும்பச் சந்தைக்குக் கொண்டுவராதையுங்கோ" என்கிறான்.

ஒன்று மட்டும் நிச்சயம். அந்தப் பலகை என் உச்சந்தலையளவு. உன் மூக்களவு. அறைக் கதவில் என் உச்சந்தலையைப் பென்சிலால் குறித்து, உன் மூக்கை அங்கே வைத்து, மிச்ச முகத்துக்கு மேலே இடம் விட்டுப் பார்த்தேன். நெற்றி எங்கே முடியும் என்று பிடிபடவில்லை. கப்பல் வரும் நாளில் துறைமுகத்தில் என் தோளளவில் தேடிக்கொண்டு நின்றிருந்தால், நீ என்னைக் கடந்து போயிருப்பாய். இனி அண்ணாந்து பார்ப்பேன்.

நாலாவது குறிப்பு பிழை.

அப்பா