அரேபாவுக்குள் இருந்த மாவு

மே 6, செவ்வாய்

இன்றும் மதியம் என் முதலாளியம்மா, பல் டாக்டர் இராய்டா, என்னை அவெலினோவின் அரேபா கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். பல் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கிளினிக்கில் தனியாக உட்கார்ந்து சாப்பிட அவருக்குப் பிடிப்பதில்லை. காசு அவருடையது. அதனால் நான் எதைத் தின்ன வேண்டும் என்பதையும் அவரே சொல்கிறார்.

"கோழியும் அவகாடோவும். ரெண்டு. உள்ள இருக்கற மாவை எடுத்துடுப்பா."

கல்லருகே நின்றவன் சுட்ட அரேபாவை, அந்தத் தடித்த சோள ரொட்டியை, இரண்டாகப் பிளந்தான். ஆவி பறக்கும் வெள்ளைச் சோள மாவைக் கரண்டியால் வழித்து ஒரு டப்பாவில் போட்டான். மிஞ்சியது மொறுமொறுவென்று ஒரு ஓடு. அந்த ஓட்டுக்குள் கோழியைத் திணித்தான்.

"இவளுக்கும் எடுத்துடு. இந்த வயசுல விட்டா அப்புறம் இடுப்புன்னு ஒண்ணு இருக்காது."

"சரிங்க டாக்டர்." என் பக்கம் திரும்பி, "மேடத்துக்குக் காரம் போடலாமா?" கண்ணில் சிரிப்பு, திருட்டுப் பயல்.

அவன் எடிக்சன். என் தம்பி. டாக்டருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. ஏன்? எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் அந்த டப்பா ஜீப்பேறி, மலைமேல் எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா சீஸ் துருவிப் போட்டு, சோம்பு தூவி, உருட்டிப் பொரித்தாள். எங்கள் ராத்திரிச் சாப்பாடு ரொம்ப நாளாக இதுதான். எந்த உருண்டை மத்தியானம் என் அரேபாவிலிருந்து வழித்தது என்று யோசித்துக்கொண்டே தின்றேன்.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். காரகாஸே தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவெலினோ கடைக்கு வந்துவிட்டதாம். எடிக்சன் இரண்டு டப்பா கொண்டுவந்தான். மற்றவர்களின் அம்மாக்கள் வேண்டாம் என்றதை எங்கள் அம்மா சாப்பிட்டாள்.

"ஏன்டி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? யார் கையும் படாத மாவு."

படாததுதான். அதுவா பிரச்சினை?

மே 15, வியாழன்

டப்பா வரவில்லை.

கடையின் பின்கதவில் மாவுக்காக நிற்கிறவர்களுக்குள் நேற்று அடிதடி. யாரோ மேசையில் சாப்பிட்டுக்கொண்டே அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். கடைக்குக் கெட்ட பெயர். இனி வழித்த மாவு முழுவதும் குப்பைக்கு. யாரும் பொறுக்கித் தின்றுவிடாதபடி அதன்மேல் குளோரின்.

"நான்தான்க்கா ஊத்தணும். அவெலினோ பக்கத்துல நின்னு பாக்கறான்."

"நீ ஊத்தினியா?"

"பின்ன? பாட்டா பாடுவேன்?"

கை கழுவிவிட்டு வந்தும் குளோரின் வாடை. அந்தக் கையால்தான் பாத்திரத்திலிருந்த சோற்றை மூன்று தட்டுக்கும் பிரித்தான்.

மே 16

சோறு, உப்பு. அவ்வளவுதான்.

மே 20, செவ்வாய்

செய்துவிட்டேன்.

டாக்டர் வழக்கம்போலச் சொன்னார். எடிக்சன் வழக்கம்போலக் கரண்டியை எடுத்தான். நான், "எடுங்க. ஆனா எடுத்ததைக் கட்டிக் குடுங்க" என்றேன். கரண்டி அப்படியே நின்றது.

டாக்டர் சிரித்தார். "நாய் வளர்க்கறியா என்ன?"

"இல்ல டாக்டர். அம்மாவுக்கு."

அவர் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார். கல்லாவிலிருந்து அவெலினோ குரல் கொடுத்தார்: "அதெல்லாம் குடுக்கறதில்லம்மா."

"ஏன்? முழு அரேபாவுக்குத்தானே காசு வாங்கறீங்க? உள்ள இருக்கறது மட்டும் உங்களோடதா?"

சத்தமாகக் கேட்டுவிட்டேன் போல. எல்லோரும் திரும்பினார்கள். பக்கத்து மேசையில் கழுத்தில் வங்கி அடையாள அட்டை தொங்க உட்கார்ந்திருந்த பெண், "அதானே! அப்போ என்னோடதையும் கட்டிடுங்க" என்றாள்.

காகிதத்தில் சுருட்டி என் முன்னால் போட்டார்கள். வெற்றி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எடிக்சன் வாசலிலேயே ஆரம்பித்தான்.

"அந்தப் பொண்ணு உனக்கு யாரு, ஒரே ஜாடையா இருக்கேன்னு அவெலினோ கேக்கறான்! வேலை போச்சுன்னா உன் நியாயத்தயா பொரிச்சுத் திங்கறது?"

பொட்டலத்தை அடுப்பருகே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

மே 21, புதன்

டாக்டர் ஒரு பை கொண்டுவந்தார். மக்ரோனி, எண்ணெய், அவருடைய பழைய சட்டைகள். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா." கண் கலங்கியிருந்தது அவருக்கு. என் சம்பளத்தைப் பற்றி யோசித்திருந்தால் கலங்கவே வேண்டியிருந்திருக்காது. தூக்கி எறிய நினைத்தேன். கொண்டுவந்தேன். அம்மா சட்டையை உடனே போட்டுப் பார்த்தாள். பொருந்தியது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

மே 29, வியாழன்

இப்போது எல்லோரும் கேட்கிறார்களாம். டை கட்டியவன், நகம் வளர்த்தவள், எல்லோரும். "மாவைக் கட்டிடுப்பா." வீட்டில் என்ன செய்கிறார்களோ, யாருக்குத் தெரியும். காசு கொடுத்தது தன்னுடையது என்று தெரிந்ததும் மனிதர்களுக்கு வரும் பாசம் இருக்கிறதே!

அவெலினோ நாளைக்கு எடிக்சனை உள்ளறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் தொடங்கி வைத்தவள் அவனுடைய அக்கா என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. வேலை போனால் எல்லை தாண்டிக் கொலம்பியாவுக்குப் பிழைக்கப் போவதுதான் என்கிறான் தம்பி. அந்த வார்த்தையைக் கேட்டதும் அம்மா அடுப்பை மூட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கக் கூடாதா? கூடாது. இருந்திருக்க முடியாது. ஆனாலும்...

மே 30, வெள்ளி

வேலை போகவில்லை. அதைவிட மோசம். மோசமா? தெரியவில்லை.

"இவ்வளவு பேர் இந்த மாவை வெச்சு என்னதான்டா பண்றாங்கன்னு அவெலினோ கேட்டான். மத்தவங்களத் தெரியாது, எங்கம்மா இப்படிப் பண்ணுவாங்கன்னு சொன்னேன். அங்கயே பொரிச்சுக் காட்டச் சொன்னான். நாலு தின்னான். இனிமே கடையிலயே விக்கப் போறானாம். எனக்குச் சம்பளம் ஏத்தறானாம்."

"அம்மாவோடத வித்துட்டு வந்திருக்கே."

"ஆமா, வித்தேன். நீ கத்தினே, நான் வித்தேன். ரெண்டும் சேர்ந்துதான் வேலை தப்பிச்சுது."

அம்மா இடையில் புகுந்தாள். "சோம்பு எவ்வளவுன்னு சரியாச் சொன்னியாடா?"

ஜூன் 17, செவ்வாய்

பலகையில் அம்மாவின் உருண்டைகளுக்குக் கலர் கலராகப் பெயர் எழுதியிருக்கிறது: 'சின்ன இதயங்கள்'. டாக்டர் ஒரு தட்டு வாங்கினார்.

"என்ன ருசி! இந்த அவெலினோவுக்கு எப்படித்தான் தோணுதோ."

"அது எங்கம்மா செய்யறது, டாக்டர். கல்லுல நிக்கறானே, அவன் என் தம்பி."

அவர் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இவ்வளவு நாள் சொல்ல முடியாதது, சொன்ன பிறகு ஒன்றுமே இல்லாமல் போனது.

"அப்படியா! அப்போ தம்பிகிட்டச் சொல்லி இன்னும் ரெண்டு சூடா வாங்கேன்."

திரும்பும்போது வேண்டுமென்றே பின்கதவு வழியாகச் சுற்றி வந்தேன். குளோரின் வாடை இல்லை. மாவும் இல்லை. கட்டிக்கொண்டு போனது போக மிச்சமெல்லாம் எண்ணெய்க்குப் போகிறது. இரண்டு பெண்கள் பையோடு நின்றிருந்தார்கள். "இப்பல்லாம் ஒண்ணும் போடறதில்ல" என்றாள் ஒருத்தி, நானும் வாங்க வந்தவள் என்று நினைத்து. நான் கேட்ட நியாயம் எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. அவளிடம் என்ன சொல்வது? தலையாட்டிவிட்டு நடந்தேன். ஓடினேன் என்றே எழுதலாம்.

ஜூன் 24

வீட்டில் இப்போது மாவுப் பொட்டலம் வாங்குகிறோம். அம்மா முழு அரேபா சுடுகிறாள். நடுவில் கருப்பு பீன்ஸ். யாரும் அதைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை, ஏதோ எப்போதும் அப்படித்தான் இருந்ததுபோல.

ஜூலை 12, சனி

கிளினிக் அரை நாள். தனியாக, என் காசில் அவெலினோ கடைக்குப் போனேன். மேசை வேண்டாமென்று கல்லுக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். எடிக்சன் தலையில் புதுத் தொப்பி.

"மேடத்துக்கு என்ன?"

"கோழியும் அவகாடோவும். மாவோட."

"மாவோடயா? நிஜமாவா?"

"போடுறா."

தின்றேன். உண்மையைச் சொன்னால் மாவு அதிகம்தான். கோழிக்கு இடமே இல்லை. பாதியிலேயே வயிறு நிறைந்து வாய் உலர்ந்துவிட்டது. பிடிவாதத்தில் கடைசித் துண்டு வரை தின்று முடித்தேன். எடிக்சன் கல்லைத் துடைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த தடவை எடுத்துடவாக்கா?"

வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை.