ஒன்பதாவது விதி

14 ஜூன் 2009, ஞாயிறு

அஜீஷ் ஈமெயிலில் அனுப்பியவை எல்லாம் ஒருவழியாக வந்து இறங்கின. முப்பத்தொரு பேர்! ஒவ்வொருத்தரும் இவ்வளவு பெரிய போட்டோவை எதற்கு அனுப்புகிறார்கள்?

'ஞாயறாழ்ச்ச' வெப்சைட்டில் மழைக்காலப் போட்டி. மற்ற நாள் வேலைக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மரம் அறுத்து, பற்றவைத்து, எதையாவது செய்து பார்க்கிறவர்கள் கூடும் இடம் அது. கலூரில் உட்கார்ந்துகொண்டு அஜீஷ் நடத்துகிறான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. ஏலூரில் ஒரு கம்பெனியில் வருஷக்கணக்காக என்ஜினீயரிங் டிராயிங் போடுகிறவள் என்று என்னை நடுவராகப் பிடித்துப் போட்டிருக்கிறான். நடுவர்கள் இரண்டே பேர், நானும் அவனும். பரிசு ஒரு டிரில்லிங் மெஷின். கலூர் ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் கொடுக்கிறார்.

விதி என்ன? "மழைக்கால வீட்டுக்கு உதவும் நல்ல டிசைன்." அவ்வளவுதான். எதற்கு எத்தனை மார்க் என்று போனில் கேட்டேன். "சேச்சிக்கு மனசுல என்ன தோணுதோ அதக் கொடுத்தா மதி, அது போதும்" என்கிறான். மனசில் தோன்றுவதையா? என் மனசில் தோன்றுவதை இவனிடம் சொன்னால் போனை வைத்துவிடுவான்.

16 ஜூன்

அலமாரியில் இவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கப் பூஞ்சை. அதற்கும் நான்தான் காரணமாம்.

21 ஜூன், ஞாயிறு

மார்க் போட்டு அனுப்பிவிட்டேன், பத்துக்கு இவ்வளவு என்று.

அனூப் என்கிற பையனுக்கு ஒன்பது. பள்ளுருத்தியில் ஒற்றை அறை வீடு. கூரை உத்தரத்தில் கொக்கி மாட்டி, கப்பி வைத்து, துணி காயப்போடும் சட்டத்தை மேலே இழுத்துவிடுகிறான். ராத்திரி அதன் கீழேயே பாய் விரித்துப் படுக்கலாம். செய்து, மாட்டி, ஈரத்துணி போட்டு, போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான்.

ஒருத்தன் விளக்கு வைத்த குடை ஸ்டாண்டு அனுப்பியிருக்கிறான். கம்ப்யூட்டரில் வரைந்த படம் மட்டும். பளபளவென்று இருக்கிறது. மூன்று. அதுவே அதிகம்.

28 ஜூன், ஞாயிறு

குடை ஸ்டாண்டு!

குடை ஸ்டாண்டுக்கு முதல் பரிசு! 'நடுவர்களின் தீர்ப்பு' என்று என் பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறான்.

29 ஜூன்

மத்தியானம் ஆபீஸிலிருந்தே கூப்பிட்டேன்.

"நான் மூணு கொடுத்ததுக்கு எப்படி அஜீஷ் முதல் பரிசு?"

"சேச்சி, அந்தப் படத்தப் பாக்கத்தான் ஆளுக வராங்க. சைட்டுக்கு அது வேணுமில்லே? நான் பத்து கொடுத்தேன். அப்புறம் ஆளுக வந்து பாத்த கணக்கையும் கொஞ்சம் கூட்டினேன்."

"அதை முதல்லயே சொன்னயா?"

"இது ஹாபியல்லே சேச்சி, பரீட்சையா?"

ஹாபியாம்! ராத்திரி சோறு இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து செய்தவர்களுக்குத் தெரியும் அது என்னவென்று. இவனுக்கு என்ன தெரியும்? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சாயா குடிக்கத் தெரியும்.

1 ஜூலை

முப்பத்தொரு பேருக்கும் நான் போட்ட மார்க்கை அப்படியே சைட்டில் எழுதிவிட்டேன். ஒற்றை அறையில் இருக்கிற பையன் செய்து காட்டியதற்கு ஒன்பது, வெறும் படத்துக்கு மூன்று, தீர்ப்பு என்னுடையது அல்ல என்றும் எழுதினேன்.

இவர் சொன்னார்: "எதுக்குடி சுபா இந்த வம்பு? ஆத்துல சண்டை போட ஆள் இல்லையா?" வெங்கிடேஸ்வரன் என்று பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் முதுகெலும்பும் சேர்த்து வைத்திருக்கலாம்.

2 ஜூலை

என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். பொறாமை பிடித்தவளாம். அந்தப் பையன் எனக்குச் சொந்தமாம். 'தமிழத்திக்கு இங்கே என்ன காரியம்' என்று ஒருத்தன். நான் பிறந்தது இதே ஊரில், செர்ளாயில். படித்தது மலையாளம். தமிழில் எழுதுவது இந்த டயரி மட்டும்தான், அதுவும் வீட்டில் வேறு யாருக்கும் சரளமாகப் படிக்க வராது என்பதற்காக. நீ யாரடா கேட்பதற்கு?

ஆபீஸில் இரண்டு டிராயிங்கில் அளவு தப்பு. எல்லாம் இவர்களால்.

4 ஜூலை, சனி

அனூப் வீட்டுக்கே வந்துவிட்டான். இருபத்தைந்து வயசு இருக்கும். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்துச் சாயா போடப் போனேன். எத்தனை முட்டாள் நான்.

"சாயா வேண்டாங்க்கா. எனக்காகப் பேசச் சொல்லி யாரு கேட்டா உங்ககிட்ட?"

பேச்சு நம் தமிழ்தான், பாதி மலையாளம். அப்பா பெயர் பாலையா, கார்ப்பரேஷனில் வேலை பார்க்கிறாராம்.

"ஒற்றை அறைன்னு எழுதிட்டீங்க. இப்ப எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. பாவப்பட்டவன், ஆயிரம் ரூபா போட்டுக் கொடுக்கலாம்னு ஒரு சேட்டன் எழுதியிருக்கான். எங்கம்மா அந்தப் போட்டோவை எடுத்துடுன்னு அழறா. நான் பிச்சை கேட்டா அனுப்பினேன்?"

"உன்னோடது நன்னா இருந்தது. அதான் ஒன்பது கொடுத்தேன்."

"எதுக்கு ஒன்பது? எட்டு ஏன் இல்ல?"

கப்பி, பாய் என்று ஆரம்பித்தேன். அவன் விடவில்லை.

"அவனுக்கு ஏன் மூணு?"

"அவன் செய்யவே இல்லையே!"

"செஞ்சு காட்டணும்னு எங்க எழுதியிருக்கு? டிசைன்னுதானே இருக்கு. அஜீஷ் சேட்டன் அவர் மனசுல தோணினதப் போட்டாரு. நீங்க உங்க மனசுல தோணினதப் போட்டீங்க. என்ன வித்தியாசம்?"

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். என் வீட்டு வாசலில் நின்று, என்னிடம்! அவனுக்காகத்தானே ஊர்ப் பேச்சு முழுக்கக் கேட்டேன்?

இவர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதுதான் இன்னும் எரிச்சல்.

5 ஜூலை, ஞாயிறு

விடிந்ததிலிருந்து அதே வேலை. உபயோகம், பலம், செலவு, பார்த்து இன்னொருத்தர் செய்ய முடியுமா என்று நாலாகப் பிரித்து, முப்பத்தொன்றையும் மறுபடி எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்தில் காரணம்.

அனூப்புக்கு ஏழுதான் வந்தது. ஈரத்துணி மொத்த பாரமும் ஒரே கொக்கியில் நிற்கிறது. கொக்கி பிடுங்கிக்கொண்டால் கீழே படுத்திருப்பவர் தலையில்தான் விழும். தொழிலே இதுவான நான் அதைப் பார்க்கவில்லை. பாய் விரித்திருந்ததைப் பார்த்து உருகிப்போயிருந்தேன்.

முதலில் வந்தது ஷைலஜா என்று ஒரு பெண். வேலியேற்றத்தில் கடல் பொங்கும்போது தண்ணீர் வீட்டுக்குள் ஏறாமல் வாசலில் செருகுகிற பலகை, ஓரம் முழுக்கப் பழைய சைக்கிள் டியூப். எட்டரை. போன தடவை அவளுக்கு நான் போட்டது ஐந்து. ஏன் ஐந்து? போட்டோ மங்கலாக இருந்தது. எழுத்தில் தப்பு இருந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன், எங்காவது மாறாதா என்று.

எல்லாவற்றையும் சைட்டில் போட்டேன், பழைய மார்க்கையும் பக்கத்தில் வைத்து.

8 ஜூலை

அஜீஷ் அந்தப் பக்கத்தையே பூட்டிவிட்டான். இனி நான் நடுவரும் இல்லை. நல்லது. டிரில்லிங் மெஷின் குடை ஸ்டாண்டுக்காரனுக்கே போயிற்று.

பூட்டுவதற்கு முன்னால் ஷைலஜா ஒரு வரி எழுதியிருந்தாள்: 'அஞ்சுன்னு கண்டப்போ இனி ஒண்ணும் செய்யறதில்லைன்னு ஆணியெல்லாம் தூக்கி உள்ள வெச்சுட்டேன்.'



20 செப்டம்பர், ஞாயிறு

அஜீஷ் கூப்பிட்டான். அந்தத் திமிர் குரலில் இல்லை. பரிசு கொடுத்த கடைக்காரர் குடை ஸ்டாண்டைக் கடை வாசலில் வைக்க வேண்டும், கொண்டு வா என்று கேட்டாராம். அப்படி ஒரு பொருளே உலகத்தில் இல்லை! விதிகளை எழுத்தில் காட்டாமல் அடுத்த தடவை ஒரு ஸ்குரூகூடத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். "சேச்சி எழுதித் தரியளா?" என்றான். மாட்டேன் என்றேன். அந்தப் பள்ளுருத்திப் பையனைக் கேள் என்றேன். எனக்கு அவனைப் பிடிக்காது. ஆனால் எழுதுவான்.

2 மே 2010, ஞாயிறு

இந்த மழைக்கு நானே ஒன்று செய்து அனுப்பப் போகிறேன். நடுவராக இருந்து கேட்ட பேச்சு போதும். சமையலறை ஜன்னலுக்கு, காற்று வரும், சாரல் வராத மரப்பலகை அடுக்கு. மரக்கடையில் ஆஞ்சிலிப் பலகை வாங்கி அறுத்தாயிற்று. இவர் சட்டையெல்லாம் மரத்தூள். முனகுகிறார், முனகட்டும்.

16 மே, ஞாயிறு

அனூப்பிடமிருந்து ஈமெயில். சௌக்கியமா என்று ஒரு வார்த்தை கிடையாது. 'விதி எழுதியிருக்கேன். எங்கயாவது ரெண்டு அர்த்தம் வருதான்னு பாத்துச் சொல்லணும். உங்களுக்குத்தான் குத்தம் கண்டுபிடிக்க வரும்.'

கொழுப்பு.

பன்னிரண்டு விதி. செய்து காட்டியே ஆக வேண்டும். நாலு வகை மார்க், ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். போட்டியாளர் பெயரும் வீடும் நடுவருக்குத் தெரியக்கூடாது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறான்.

ஒன்பதாவது: 'நடுவராக இருந்தவர்கள் ஒரு வருடம் வரை போட்டியில் சேரக்கூடாது.'

உடனே போன் போட்டேன்.

"இது எனக்காகவே எழுதினதா?"

"அஜீஷ் சேட்டனுக்கும் சேர்த்துத்தாங்க்கா. போன தடவை ஜட்ஜா இருந்தவங்களுக்கு எல்லார் வேலையும் உள்ளுக்குள்ள தெரியும். அவங்களே அடுத்து வந்து நின்னா? ஏன், நீங்க அனுப்பறதா இருந்தீங்களா?"

"இல்லை" என்று வைத்துவிட்டேன்.

பிறகுதான் கவனித்தேன். ஒரு வருடம் என்றால் எந்த நாளிலிருந்து? போன தடவை முடிவு வந்தது ஜூன் 28. இந்தத் தடவை கடைசி நாள் ஜூன் 30. நான் 29ஆம் தேதி அனுப்பினால் ஒருத்தனும் வாய் திறக்க முடியாது. அவன் எழுதிய விதிப்படியே.

சாப்பிட்டேன். துணியை மடித்து வைத்தேன். ஜன்னல் அடுக்குக்கு ஒரு பக்கம் உப்புத்தாள் போட்டேன். சாயங்காலம் வந்து உட்கார்ந்து எழுதினேன்: 'ஒன்பதாவதில் இரண்டு அர்த்தம் வருகிறது. இப்படி மாற்று: ஒரு போட்டியில் நடுவராக இருந்தவர் அதற்கு அடுத்த போட்டியில் சேரக்கூடாது.' அனுப்பினேன்.

விஷயத்தைக் கேட்டதும் இவர் ஹாலில் சாய்த்து வைத்திருந்த பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ இதை எங்கே அனுப்பப் போறாய்?" என்றார்.

"எங்கேயும் இல்லை. ஸ்டூலைக் கொண்டு வாங்கோ, சமையலறையில மாட்டணும்" என்றேன்.