காய்ச்சலும் உப்புநீரும்

நண்பரே,

இன்று காலை மருமகளுக்குக் கொரோனா ஊக்கத் தடுப்பூசி போட்டபோது, செவிலியின் பஞ்சிலிருந்து ஸ்பிரிட் வாசனை எழுந்தது. அக்கணமே நீர் என் அருகில் வந்து அமர்ந்துவிட்டீர். நாம் இருவரும் சோதனைக்குத் தோள் கொடுத்த அதே மருந்து, இன்று ஊருக்குப் பொதுவாகியிருக்கிறது.

இரண்டாம் அலையில் மாண்ட உம் தங்கையை நால்வர் தோளில் சுமந்து அனுப்ப நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்த ஆற்றாமைதான், புது மருந்தைச் சோதிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேட்டதும் உம்மை மதுரை ரயிலில் ஏற்றியது. என்னையும் அழைத்துக்கொண்டீர். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உப்புநீர், யாருக்கு எது என்பது எவருக்கும் தெரியாது என்று மருத்துவர் விளக்கினார். கையெழுத்திட்டோம்.

ஊசி போட்டபின், ஏழு நாள் உடல்நிலையை எழுதக் குறிப்பேடும் வெப்பமானியும் தந்தார்கள். மறுநாள் எனக்குச் சஷ்டி விரதம் தொடங்கியது. விரத நாளில் உடல் நோவைச் சொல்லலாகாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். உடம்பு அனலாய்க் கொதித்த இரண்டு நாளும் 'முருகன் அருளால் நலம்' என்றே எழுதிவைத்தேன்.

ஆடுகளைக் கிடையில் அடைத்துவிட்டு நீர் வந்தீர். என் நெற்றியைத் தொட்டீர், குறிப்பேட்டைப் புரட்டினீர். கழுகுமலை மண்டபத்தில் ஆண்டுதோறும் வாய்மையைப் பற்றிச் சொற்பொழிவாற்றும் என்னிடம் ஒன்றே கேட்டீர்.

"ஏன் வே, காய்ச்சல் அடிக்குத ஆட்ட நல்லாருக்குன்னு சொல்லிச் சந்தையில விப்பீரா? வாங்குதவன் மந்தையே போயிரும்லா."

விடிந்ததும் மதுரைக்குப் போனோம். சோதனையிலிருந்து விலக்கிவிடுவார்களோ என்று வழியெல்லாம் அஞ்சினேன். மருத்துவர் கடிந்துகொண்டார். பிறகு, பழைய வரி மறையாதபடி ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் உண்மையை எழுதிக் கையொப்பமிடச் சொல்லித் தொடர அனுமதித்தார். கோவில்பட்டியில் இறங்கியதும் கடலைமிட்டாய் வாங்கித் தந்து, "முருகன் கோவிக்க மாட்டாரு. காய்ச்சல்னு அவருக்கு முதல்லயே தெரியும்லா" என்றீர்.

சோதனை முடிந்து விவரம் சொன்னார்கள். எனக்கு மருந்து, உமக்கு உப்புநீர். "உப்புக்கு மதுரை எதுக்கு வே? குளத்தூர் உப்பளத்துக்கே போயிருப்பேனே" என்று சிரித்தீர். அச்சிரிப்பின் அடியில் ஒரு குறை கிடந்தது. தங்கைக்காக வந்த உம் தோள் வீணாயிற்றோ என்ற குறை. அன்று எனக்கு விடை தெரியவில்லை. சென்ற மாசியில் முதுமை உம்மைக் கொண்டுபோயிற்று.

விடை இன்று வந்தது. ஊசி போட்ட இடத்தில் தந்த தாளை மருமகள் உரக்கப் படித்தாள்: ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம், தானே தணியும். என் உடம்பு கொதித்த இரு நாளும் அந்த வரிக்குள் இருக்கின்றன. ஆனால் அது மருந்தால் வந்த காய்ச்சல்தான் என்று நிறுவ, உப்புநீர் மட்டும் ஏற்றிக் காய்ச்சல் காணாத உம் உடம்பு எதிரே சாட்சி நிற்க வேண்டியிருந்தது. நீர் இன்றி அந்த வரி இல்லை.

இப்போதெல்லாம் விரத நாளிலும் நோவை நோவென்றே சொல்கிறேன், சந்நிதியிலும். இன்று தடுப்பூசி வரிசையில் அஞ்சி நின்றவர்களிடம், ரெண்டு நாள்தான், தாங்கலாம் என்றேன். எல்லோரும் தோளை நீட்டினார்கள்.

செயிச்சிட்டோம் வே.