அஞ்சுக்கு மூணு

தங்கச்சிக்கு,

அன்புள்ள என்று எழுத இன்று கை வரவில்லை.

தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து நான் வீடு திரும்பிய பிறகு, இந்த வசந்தம் முழுக்க ஞாயிறுதோறும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாய். கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அக்கா, அது என்ன பறவை?" என்று கேட்டாய். மைனா, மரங்கொத்தி என்று நானும் உற்சாகமாகச் சொன்னேன். தங்கச்சிக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று பூரித்துப்போனேன்.

நேற்று உன் மகள் போட்டு உடைத்துவிட்டாள். "அம்மா, பெரியம்மாவுக்கு இன்னைக்கு அஞ்சுக்கு மூணுதான். டாக்டர்கிட்ட சொல்லணும்ல?"

தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் ஊரார் எண்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவள் நான். எனக்கா பரீட்சை வைக்கிறாய்? அதுவும் திருட்டுத்தனமாக! நேராகக் கேட்டிருந்தால் நேராகவே சொல்லியிருப்பேனே.

இனி என்னைப் பார்க்க வருவதானால் வா. மார்க் போட வராதே.

இன்று காலை வேலியில் ஒன்று வந்து உட்கார்ந்தது. உள்ளங்கை அளவுதான், பழுப்பு நிறம். சுவர் ஓட்டையில் கூடு கட்டுமே, சின்ன வயதில் நாம் இரண்டு பேரும் அரிசி இறைப்போமே, அதேதான்.

பெயர் எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லமாட்டேன்.

உன் அக்கா