லானுக்காக அம்மா வைத்த கறி

14 செப்டெம்பர் 1996, சனி

இன்று நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

என் வகுப்புத் தோழி லானைச் சாப்பிட அழைத்திருந்தேன். அவள் வியட்நாமிலிருந்து வந்த சாம் இனத்தவள். சாம் மக்கள் முஸ்லிம்கள், விருந்துக்கு மாட்டிறைச்சி சமைப்பார்கள் என்று நூலகப் புத்தகத்தில் படித்து அம்மாவிடம் சொன்னேன். மாட்டிறைச்சியைத் தொட்டே அறியாத அம்மா, ஓபர்ன் கடைத்தெருவுக்குப் போய் ஹலால் இறைச்சி வாங்கிக் கறி வைத்தார்.

கறியைப் பார்த்த லான் தயங்கினாள். தன் குடும்பம் சாம்களில் இந்துப் பிரிவு என்றும், மாடு சாப்பிடுவதில்லை என்றும் ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள். முகம் சுட, அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அம்மா சிரித்துவிட்டார். “நாங்களும் தொடுறேல்லைப் பிள்ளை. இவளின்ர புத்தகத்தை நம்பிச் சமைச்சனான்.”

நான் மொழிபெயர்த்ததும் லான் எழுந்துபோய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மூவரும் புட்டும் சீனியும் சாப்பிட்டோம்.

அம்மாவுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இப்போதே போய்ச் சொல்லலாமென்றால், குசினியில் பாத்திரங்களைக் கழுவி, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.