முதன்மை விண்ணப்பதாரர்

ஜூன் 12, 2025

மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு விசா கன்சல்டன்சிக்கு நானும் மனைவி காவேரியும் போனோம். சுவரெல்லாம் பனிமலைப் படம், ஏ.சி. மட்டும் ஓடவில்லை. ஆலோசகர் மனோஜ்குமார் இங்கிலாந்துக்குப் போனதே இல்லையாம். ஆனால் அங்கே எந்தத் தெருவில் வாடகை குறைவு என்பதுவரை சொல்கிறார்.

இரண்டு வழி இருக்கிறதாம். பதினான்கு வருஷமாக நர்ஸாக இருக்கும் காவேரி வேலை விசாவில் போகலாம். நானும் மகள் தமிழ்ப்ரியாவும் அவளுடைய டிபெண்டெண்ட். இல்லாவிட்டால், முப்பத்தொன்பது வயதில் நான் எம்.பி.ஏ. படிக்கப் போகலாம்.

"ஃபர்ஸ்ட் ஆப்ஷன்தான் பெஸ்ட் சார். ஸ்டூடெண்ட் விசால ஃபேமிலிய கூட்டிட்டுப் போக விடமாட்டாங்க."

இரண்டாவதை விளக்கமாகச் சொல்லச் சொன்னேன்.

ஜூன் 13

டிபெண்டெண்ட். எட்டு மணி நேர ஷிஃப்ட் முழுக்க இந்தச் சொல் கூடவே வந்தது. என் கையெழுத்து இல்லாமல் எங்கள் ஃபாக்டரியிலிருந்து ஒரு பெட்டி வெளியே போகாது. நான் டிபெண்டெண்டா?

ஜூலை 5

இருவரும் ஆங்கிலத் தேர்வு எழுதினோம், அவள் வேலைக்கு, நான் எம்.பி.ஏ.வுக்கு. பேச்சுத் தேர்வில் எனக்கு வந்த தலைப்பு: 'நீங்கள் மதிக்கும் ஒருவரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுங்கள்.' எங்கள் மேனேஜரில் ஆரம்பித்தேன். அவரைப் பற்றி இருபது நொடிக்கு மேல் மதிக்க எதுவும் இல்லை. மீதி நேரம் தேர்வாளரும் நானும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம்.

ஜூலை 19

காவேரி பாஸ். நான்? தேர்வுமுறையே சரியில்லை. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை.

மறுபடி எழுதப் போகிறேன்.

ஜூலை 24

அவளுக்கு வேலைக் கடிதமும் வந்துவிட்டது! மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் கடிதம் காலாவதி. பெற்றோர் இருவரும் போனால்தான் பிள்ளைக்கு விசா சுலபமாம். பிள்ளையை விட்டுவிட்டு இவள் போகமாட்டாள். ஆகமொத்தம் எல்லாம் என் கையெழுத்தில் நிற்கிறது. ஃபாக்டரியில் இருக்கிற அதே மரியாதை.

"யோசிக்கிறேன்" என்றேன்.

"யோசிங்க. விசா கையில வர்ற வரைக்கும் ஊருல யாருக்கும் மூச்சு விடாதீங்க, கண்ணு பட்டுரும்" என்றாள்.

ஜூலை 27

அண்ணன் சென்னப்பனுக்கு மட்டும் போன் செய்தேன். கூடப் பிறந்தவர் கண்ணா படும்? பேச்சுவாக்கில் "எனக்கு லண்டன்ல வேலை" என்று வந்துவிட்டது.

ஆகஸ்ட் 3

பெரியப்பா பேத்தியின் காதுகுத்துக்குச் சொந்த ஊர் கௌதள்ளிக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எதிரே பதினைந்து அடி ஃப்ளெக்ஸ். அதில் நான். கூலிங் கிளாஸ் போட்டு, பக்கத்தில் ஒரு சிங்கம். 'இங்கிலாந்தை ஆள வரும் எங்கள் உதயகுமார்!' எல்லாம் தம்பி முறை உமேஷின் வேலை.

காவேரி அண்ணாந்து பார்த்தாள்.

"என்ற போட்டோ எங்க?"

"கீழ பாருங்கண்ணி, ரோசாப்பூவுக்குப் பக்கத்துல" என்றான் உமேஷ். ஸ்டாம்பு சைஸ்.

அவள் சிரித்தாள். விருந்தில் நான் இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை.

ஆகஸ்ட் 4

மைசூர் திரும்பினோம். வீட்டுக்குள் நுழைந்ததும் காவேரி ஆரம்பித்தாள்.

"நைட் டூட்டி பார்த்துட்டு வந்து பரிச்சைக்குப் படிச்சது நானு. சிங்கம் நீங்களா? உங்களுக்குக் கூட வரக் கூச்சமா இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க. லெட்டரக் கிழிச்சுப்போட்டு நாளைக்கு டூட்டிக்குப் போறேன்."

எனக்கும் கோபம். ஊரெல்லாம் சொல்லியாச்சே, இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாத்திச் சொல்றது... ஊருக்குச் சொன்னது யாரு? நான்தானே சொன்னேன்.

செப்டம்பர் 14

இரண்டாம் முறையும் ஃபெயில். தேர்வுமுறையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 9

கடிதத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. இன்று காவேரி ஆஸ்பத்திரியின் அடுத்த மாத டூட்டிப் பட்டியலைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். நவம்பர் முழுக்க அவள் பெயர். இவ்வளவு தூரம் வந்தவளை நான் ஒருத்தன் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 10

நானே காவேரியையும் மகளையும் கன்சல்டன்சிக்குக் கூட்டிப்போனேன். மனோஜ்குமார் விண்ணப்பத்தை நீட்டினார். முதன்மை விண்ணப்பதாரர்: காவேரி. அவளைச் சார்ந்தவர்கள்: ஒன்று, உதயகுமார். இரண்டு, தமிழ்ப்ரியா.

"அப்பா, நாவிப்ரூ ஒந்தே லிஸ்ட்!" என்று பள்ளிக்கூடக் கன்னடத்தில் சொல்லிக் குதித்தாள் மகள். நாம் இரண்டு பேரும் ஒரே பட்டியலாம். அவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

கையெழுத்துப் போட்டேன். பேனா மக்கர் பண்ணாமல் எழுதியது.

நவம்பர் 21

விசா வந்துவிட்டது. வீட்டுச் சாமான்களை ஊருக்கு ஏற்றிப் போக டெம்போவோடு உமேஷ் வந்தான். மழை தூறியதால் மேலே மூட ஒரு படுதா கொண்டுவந்திருந்தான். விரித்தால் அதே ஃப்ளெக்ஸ். சிங்கத்துக்கு நடுவில் கிழிசல். கூலிங் கிளாஸோடு நான் மல்லாந்து, எங்கள் பீரோவை நனையாமல் பார்த்துக்கொண்டு கொள்ளேகால் ரோட்டில் போனேன். நல்ல கெட்டித் துணிதான்.

டிசம்பர் 2

லண்டன் விமான நிலையம். கவுன்டரில் இருந்த அதிகாரி, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார்.

"என் மனைவி இங்கே நர்ஸ் வேலைக்கு வந்திருக்கிறாள். நான் அவளோடு வந்திருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதோடு நிறுத்தவில்லை. அவள் பதினான்கு வருஷ சர்வீஸ், நைட் டூட்டி முடித்து வந்து படித்தது, முதல் தடவையிலேயே பாஸானது... நாக்கு எங்கேயும் தடுக்கவில்லை.

போதும் என்று அதிகாரி கையைக் காட்டினார். காவேரி என் ஸ்வெட்டரைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

"வாங்க, லைன் நிக்குது."

தேர்வில் கேட்ட இரண்டு நிமிடத்துக்கு மேலேயே பேசியிருப்பேன்.