நாலு சமையலும் ஒன்றாகிவிட்டது

என் வீட்டுக்காரருக்கு தனம் எழுதுவது. நான் நல்லா இருக்கேன். உங்கள் முட்டிவலியும் கோபமும் கம்மியாயிற்றா? போனில் பேசினால் பாதியிலேயே குறட்டை விடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

இங்கே பிள்ளைகளுக்கு ஏரி, மரம், குருவி பற்றிச் சொல்லித்தர நாலு அமைப்புகள் இருக்கின்றன அல்லவா? போன மாதம் நாலு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஒரே நாளில் கூப்பிட்டுவிட்டார்கள். நாலு பேரும் தனித்தனியாகச் சமைத்ததில் மூன்று அண்டா சாம்பார் மிஞ்சியது. இனிமேல் சேர்ந்தே செய்யலாம் என்று வேங்கிக்காலில் கூட்டம் போட்டு ஒன்றாகிவிட்டார்கள். நல்ல காரியம்தான். சமையலும் ஒன்றாகி, ஒரு ஆள் போதுமென்று என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு அமைப்பில் சமைத்த பீபி ஜான், என்னோடு ஒரே அறையில் இருந்தவள், நேற்று ஊருக்குக் கிளம்பினாள்.

"இனிமே உன் சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு யாருடி சொல்லுவாங்க?" என்றாள்.

"பஸ் வந்துடுச்சு, போடி" என்றேன். இன்றைக்கு ஒரு மூட்டை வெங்காயம் நறுக்கியும் கண் கலங்கவில்லை, கண்ணீரெல்லாம் ராத்திரியே தீர்ந்துவிட்டது போல.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நம் பழைய ரேடியோவைக் கொடுத்தனுப்புங்கள். பாட்டு வேண்டாம், அறையில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும். நீங்களே கொண்டுவந்தாலும் சரி. உப்பு ஜாஸ்தி என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமே.

உலை பொங்குகிறது, எழுந்து ஓடுகிறேன்.

தனம்